ஓலை, காகிதம், பொத்தான் – 11: பறவூரில் 123 ஓட்டு

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. கேரளம் முழுக்க ஒரே நாளில் மக்களவைத் தேர்தல். எறணாகுளம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் கொச்சி ஒன்று, வைப்பின் ஒன்று, பறவூர் ஒன்று. மட்டாஞ்சேரியில் வரிசையில் நின்றவரும் வைப்பின் தீவின் வடகோடியில் முனம்பத்தில் நின்றவரும் உள்ளே போனதும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள். நீலப் பொத்தானை அழுத்துகிறோம். பக்கத்துப் பெட்டியில், சிறு கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சீட்டு வருகிறது. வரிசை எண், வேட்பாளரின் பெயர், சின்னம். ஏழு வினாடி நிற்கும். பிறகு தானாக அறுந்து அடியில் இருக்கும் பெட்டிக்குள் விழுந்துவிடும். பார்க்கலாம், தொட முடியாது.

அதே நாளில் டெல்லியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபங்கர் தத்தாவும் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். பழையபடி காகித ஓட்டுச்சீட்டுக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் அந்தக் கண்ணாடிப் பெட்டிச் சீட்டுகள் அத்தனையையும் எண்ண வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. இரண்டுமே முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அன்றைக்கு நாட்டில் எத்தனையோ தொகுதிகள் ஓட்டுப் போட்டன. ஆனால் அந்தத் தீர்ப்பை உட்கார்ந்து கேட்கும் உரிமை எந்த ஊருக்கு உண்டு என்று கேட்டால் நான் பறவூரைத்தான் காட்டுவேன். இந்தியாவில் காகிதத்தை ஓரங்கட்டி முதன்முதலாக இயந்திரத்தில் ஓட்டுப் போட்ட ஊர் அது. அந்த இயந்திரத்தை உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, திரும்பவும் காகிதத்திலேயே ஓட்டுப் போட்ட ஊரும் அதுதான்.

*

சென்ற வாரம் நாம் 1579இல் நின்றோம். நவம்பர் 14 அன்று கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' தமிழில் அச்சாகி வெளிவந்ததைப் பார்த்தோம். அங்கிருந்து ஒரே தாவாக நான்கு நூற்றாண்டைக் கடப்பதற்குக் காரணம் வாசகர்கள்தான். ஏறக்குறைய எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இந்தக் கைப்பேசியும் கணினியும் வந்தபிறகு காகிதம் நம் வாழ்க்கையை விட்டுப் போயே போய்விடுமா?

போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்வது எளிது. எறணாகுளம் உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்குப் போகும் வாட்டர் மெட்ரோ படகில் கார்டைத் தட்டினால் வழி திறக்கிறது. 2023 ஏப்ரலில் அந்தப் படகுகள் ஓடத் தொடங்கியபோது முதல் வழித்தடமே இதுதான். செறாயியில் மீன் வாங்கினால் சில்லறைக்காகக் காத்திருக்க வேண்டாம், கியூஆர் கோடைக் காட்டுகிறார்கள். (அந்தக் கோடு அச்சாகியிருப்பது காகிதத்தில்தான் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) டிக்கெட்டும் பில்லும் போனதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை. விடவும் வேண்டாம்.

ஆனால் காகிதம் போய்விட்டதா என்று சோதிக்க மீன் கடை சரியான இடம் இல்லை. இரண்டு பேர் முட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போக வேண்டும். பாகப்பிரிவினை, கடன், தேர்தல். எதிராளியின் சொல்லை நம்ப மனமில்லாதவர்கள் கூடும் இடத்தில்தான் காகிதத்துக்கு வேலை. முசிறிக்கும் எகிப்துக்கும் நடுவே ஓடிய கப்பல் சரக்குக்குக் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் செய்துகொண்ட பாப்பிரஸ் ஒப்பந்தத்தை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம் அல்லவா? இப்போது வியன்னாவில் இருக்கிறதே, அதுதான். அதையும் யாரும் அழகுக்காக எழுதவில்லை. பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதினார்கள்.

முசிறி பட்டணம் என்னும் சிற்றூரில்தான் இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டணம் வடக்குப் பறவூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1341 வெள்ளத்தில் பெரியாறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதில் உருவானதாகச் சொல்லப்படும் வைப்பின் தீவிலிருந்து காயலைத் தாண்டினால் பறவூர் வந்துவிடும். இனி கதை அங்கேதான்.

*

பறவூருக்கு இயந்திரம் வந்தது 1982இல். ஆனால் கேரளம் இப்படிச் சோதனைக்கு உட்படுவது அது முதல் தடவை இல்லை. காகித ஓட்டுச்சீட்டையே சோதித்துப் பார்த்த மாநிலம் அது.

நம் முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் கையில் கொடுப்பது குறி ஏதும் போடாத வெறும் சீட்டு. எந்தப் பெட்டியில் போடுகிறாரோ அவருக்கு ஓட்டு. எல்லா வேட்பாளர்களின் பெயரையும் சின்னத்தையும் ஒரே தாளில் அச்சடித்து, வேண்டியவருக்கு நேரே முத்திரை குத்தச் சொல்லும் முறை 1960-61இல் கேரளத்திலும் ஒடிசாவிலும் நடந்த இடைக்காலத் தேர்தல்களில்தான் வந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்தத் தாளை மேசையில் கொட்டி எண்ணிய காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுக்கோட்டில் விழுந்திருக்கும். மை காயுமுன் மடித்ததில் எதிர்ப்பக்கம் ஒரு நிழல் ஒட்டியிருக்கும். எது அசல், எது நிழல்? சிலர் முத்திரைக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்திருப்பார்கள். சிலர் இரண்டு பேர்மேலும் குத்திவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். ஒவ்வொரு சந்தேகச் சீட்டையும் அதிகாரி தூக்கிப் பிடிக்க, இந்தப் பக்கத்து ஏஜென்டும் அந்தப் பக்கத்து ஏஜென்டும் எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். ராத்திரி போய்ப் பொழுது விடியும். செல்லாத ஓட்டு மூட்டையாகக் கட்டப்படும்.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட நினைத்தவர் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.எல். ஷக்தர். 1977இல் பதவிக்கு வந்தார். மின்னணு இயந்திரம் ஒன்று செய்ய முடியுமா என்று ஹைதராபாத்தின் ஈசிஐஎல் நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் அரசு நிறுவனம் அது. 1979இல் ஒரு மாதிரி தயாரானது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு ஆணையம் அதை இயக்கிக் காட்டியது. பிறகு பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இந்த வேலைக்குள் வந்தது. அந்த நிறுவனத்தில் அப்போது ரங்கராஜன் என்றொரு பொறியாளர் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இயந்திரம் தயார். கட்சிகள் பார்த்தாகிவிட்டது. சட்டம்தான் அசையவில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 59ஆம் பிரிவு ஓட்டுச்சீட்டு முறையில் வாக்களிக்கச் சொல்கிறது. அதன்கீழ் எழுதிய விதிகள் அனைத்தும் சீட்டு, முத்திரை, பெட்டி என்றே பேசுகின்றன. இயந்திரத்தைப் பயன்படுத்த மத்திய அரசின் ஒப்புதலை ஆணையம் கேட்டது. அரசு மறுத்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கோப்பை மூடியிருப்பார்கள். ஆணையம் அரசமைப்புச் சட்டத்தின் 324ஆம் பிரிவை எடுத்துக்கொண்டது. தேர்தலை மேற்பார்வையிடவும் நடத்தவும் கட்டுப்படுத்தவும் ஆணையத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு. அந்த அதிகாரம் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. 1982 மே 13 அன்று கேரள அரசிதழில் அறிவிப்பு வந்தது. 70ஆம் எண் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் மொத்தம் 84 வாக்குச்சாவடிகள். அதில் 50இல் இயந்திரம், மீதி 34இல் காகிதம்.

தேர்தலுக்கு ஆறே நாள் இருந்தது. ஷக்தரின் பதவிக்காலம் ஜூன் மாதத்தோடு முடிகிறது.

*

அந்தத் தேர்தலுக்கு வந்த இரண்டு வேட்பாளர்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இப்படி ஒரு ஜோடியைக் கதாசிரியர் யாரும் துணிந்து எழுத மாட்டார்.

ஐக்கிய ஜனநாயக முன்னணியின் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். வழக்கறிஞர். கொச்சி மாநகராட்சியின் மேயராக இருந்தவர். அதைவிட முக்கியமாக, அந்த வருடம் பிப்ரவரியில் கேரள சட்டமன்றத்தின் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1981 டிசம்பர் கடைசியில் அமைந்த கருணாகரன் அரசுக்கு அவையில் பெரும்பான்மை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 140 பேர் அவையில் இரு பக்கமும் சரிக்குச் சரியாக நின்றன. சமநிலை வந்தால் சபாநாயகர் தன் ஓட்டைப் போடலாம். ஜோஸ் போட்டார், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒற்றை ஓட்டில் உயிர் வாழ்ந்த அந்த ஆட்சியைக் கேரளத்தில் இன்னும் அந்த 'காஸ்டிங்' ஓட்டின் பெயரைச் சொல்லித்தான் நினைவுகூர்கிறார்கள். மார்ச் நடுவில் லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் ஆதரவை விலக்கிக்கொண்டதும் ஆட்சி கவிழ்ந்தது. மே மாதம் தேர்தல் வந்தது அதனால்தான்.

ஆக, ஒரு ஓட்டின் எடை என்னவென்று கேரளத்தில் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்த மனிதர் பறவூரில் நின்றார்.

எதிரே நின்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை. இயந்திரம் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் முகம் சுளித்தவர் இவர்தான். தேர்தலுக்கு முன்னாலேயே கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தக் கேட்டார். நீதிமன்றம் தலையிடவில்லை. இதை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இயந்திரத்தை முதலில் எதிர்த்தவர் சிவன் பிள்ளை.

மே 19. பறவூரின் 50 சாவடிகளில் வாக்காளர்கள் இதுவரை இந்திய வாக்காளர் எவரும் செய்யாததைச் செய்தார்கள். மடிக்கவில்லை, முத்திரை குத்தவில்லை, பெட்டிக்குள் போடவில்லை. தடுப்புக்குப் பின்னால் வேட்பாளர்களின் பெயர், சின்னம், பொத்தான்கள் உள்ள ஒரு பலகை. அதிலிருந்து ஒரு கம்பி அதிகாரியின் மேசைக்கு. அவர் அனுமதித்தால்தான் இங்கே பொத்தான் வேலை செய்யும், அதுவும் ஒருவருக்கு ஒருமுறை. அழுத்தினால் சிறு விளக்கு எரியும். அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது சுலபம். இரண்டு சின்னத்துக்கு நடுவே விழ வழியே இல்லை. செல்லாத ஓட்டு என்ற சொல்லே அந்த 50 சாவடிகளில் பொருளற்றுப் போனது.

மே 20 அன்று எண்ணினார்கள். எண்ணினார்கள் என்று சொல்வதுகூடப் பாதிதான் சரி. 34 சாவடிகளின் பெட்டிகளைத் திறந்து கொட்டி எண்ணினார்கள். மற்ற 50 சாவடிகளில் இயந்திரம் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

சிவன் பிள்ளை 30,450.

ஏ.சி. ஜோஸ் 30,327.

*

வித்தியாசம் 123.

மாநிலம் முழுவதுமாகப் பார்த்தால் இது ஒரு விஷயமே அல்ல. ஜோஸின் முன்னணி தெளிவாக வென்றது. மே 24 அன்று கருணாகரன் மறுபடி முதலமைச்சரானார். ஆனால் முந்தைய ஆட்சியைத் தன் ஓட்டால் தாங்கிப் பிடித்திருந்த சபாநாயகர் வெளியே நின்றார்.

இங்கேதான் நான் இந்த வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வர நினைத்த இடம் இருக்கிறது. ஜோஸின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் 123 என்பது ஒரு சாவடியின் ஒரு மேசையில் சரியாகிவிடக்கூடிய எண். காகிதமாக இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று வேட்பாளருக்கும் தெரியும், தெருவில் நிற்கும் தொண்டனுக்கும் தெரியும். மறு எண்ணிக்கை கேட்பார்கள். கட்டுகளைப் பிரிப்பார்கள். செல்லாதவை என்று ஒதுக்கியதை மறுபடி பார்ப்பார்கள். எதிர்க்கட்சியின் கட்டில் நம் சீட்டு கலந்திருக்கிறதா என்று துழாவுவார்கள். கடைசியில் அதே 123இல் தோற்றாலும், தோற்றதைக் கண்ணால் பார்த்த திருப்தி இருக்கும்.

சிவன் பிள்ளையின் 30,450இல் 11,268 காகிதம். 19,182 இயந்திரம். காகிதத்தை மறுபடி எண்ணலாம். இயந்திரத்தை என்ன செய்வது? பொத்தானை மறுபடி அழுத்தினால் அது மறுபடியும் அதே எண்ணைத்தான் சொல்லும். நூறு தடவை அழுத்தினாலும் அதுதான். ஒரே சாட்சி, ஒரே வாக்குமூலம், குறுக்கு விசாரணைக்கு வழி இல்லை. வழக்கறிஞரான ஜோஸுக்கு இது எப்படி உறுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இயந்திரம் தப்பாக எண்ணியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படி யாரும் நிரூபிக்கவும் இல்லை. காகிதத்தில் நடந்த மோசடிகளுக்கு இந்தத் தேசத்தில் பஞ்சமும் இல்லை. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளிய கதைகள் வட மாநிலங்களில் ஏராளம். ஆனால் அந்த மோசடியைப் படிக்காதவரும் புரிந்துகொள்ள முடியும், படிக்காதவரும் பிடிக்க முடியும். பொத்தானுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லப் பொறியாளர் வர வேண்டும்.

கொச்சியை 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து 1795 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டிலும் பின்னாளில் இதே கேள்வி எழுந்தது. அங்கே பல ஆண்டுகளாக இயந்திரத்தில்தான் ஓட்டு. 2006இல் சில ஆர்வலர்கள் அந்த இயந்திரத்தின் சில்லை மாற்றி அதைச் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டினார்கள். சதுரங்கம் ஆடத் தெரிந்த பெட்டிக்கு வேறு என்னென்ன தெரியுமோ என்று ஊர் கேட்டது. இப்போது அங்கே சிவப்புப் பென்சிலும் தாளும்தான். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஓட்டு எண்ணிக்கையின் முக்கியமான படிகளைத் தனி நிபுணத்துவம் இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும். அந்தத் தீர்ப்புக்குக் கால் நூற்றாண்டு முன்பே பறவூரில் ஒருவர் அந்தக் கதவைத் தட்டிவிட்டார்.

ஜோஸ் கேரள உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்தார். தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார். இப்போது வேடங்கள் இடம் மாறியிருந்தன. தேர்தலுக்கு முன் இயந்திரத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன சிவன் பிள்ளையின் தரப்பு, இயந்திரம் செல்லும் என்று வாதாட வேண்டிய நிலை.

*

1984 மார்ச் 5. மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். எஸ். முர்தசா ஃபசல் அலி, பின்னாளில் தலைமை நீதிபதியாகவிருந்த ரங்கநாத் மிஸ்ரா, நம் ஊர்க்காரர் ஏ. வரதராஜன். உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போன முதல் தலித் என்று வரலாற்றில் பெயர் பெற்றவர் வரதராஜன். தீர்ப்பை எழுதியவர் ஃபசல் அலி.

அறிவியலுக்கும் பழமைக்கும் நடந்த சண்டை என்று இதை நினைத்து வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். நீதிபதிகள் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தைப் பிரித்தார்கள். நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இயற்றியபோது மனதில் வைத்திருந்தது காகிதச் சீட்டையும் பெட்டியையும்தான். இயந்திரம் அதில் அடங்காது. சட்டமோ விதியோ ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்ட இடத்தில், 324ஆம் பிரிவைக் காட்டி ஆணையம் வேறு முறையைப் புகுத்த முடியாது. மேற்பார்வையிடும் அதிகாரம் சட்டம் எழுதும் அதிகாரம் ஆகாது. இயந்திரம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும், அதன் முடிவுக்காக அல்ல. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அதிகாரம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று சொன்னதற்காக. அரசிடம் கேட்டு, அரசு மறுத்த பிறகும் செய்தது ஆணையம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விளைவு: இயந்திரம் வைத்த 50 சாவடிகளில் நடந்த தேர்தல் செல்லாது. அந்த 50இல் மட்டும் மறுபடி தேர்தல், ஓட்டுச்சீட்டில்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. 34 சாவடிகளின் காகித ஓட்டுகள் 1982இல் விழுந்தபடியே நின்றன. அவற்றோடு 1984இன் ஓட்டுகளைக் கூட்ட வேண்டும். இரண்டு வருடம் கருணாகரன் ஆட்சியைப் பார்த்தபின் ஒரு பகுதி மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இன்னொரு பகுதி மக்களின் பழைய மனசு அப்படியே கணக்கில் இருக்கிறது. காகிதத்தில் பதிந்துவிட்டால் மனம் மாறினாலும் ஓட்டு மாறாது.

1984 மே மாதம் 50 சாவடிகளிலும் மறுபடி முத்திரையும் மையும் பெட்டியும் வந்தன. பழையபடி மடித்தார்கள், போட்டார்கள், கொட்டி எண்ணினார்கள்.

ஏ.சி. ஜோஸ் வென்றார்.

*

பறவூருக்குப் பிறகு 1982-83இல் நாட்டின் வெவ்வேறு இடங்களில் பத்து இடைத்தேர்தல்களில் அந்த இயந்திரம் போயிருந்தது. தீர்ப்பு வந்ததும் எல்லாம் நின்றது. காகிதம் ஜெயித்துவிட்டது, பொத்தான் தோற்றது என்று எழுதி இந்த அத்தியாயத்தை இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் நீதிபதிகள் கதவைச் சாத்திவிட்டுச் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தில் 61ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. 1989 மார்ச் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனி இயந்திரம் சட்டப்படி செல்லும். ஈசிஐஎல்லும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இயந்திரங்களைச் செய்து குவித்தன. 1990இல் பேராசிரியர் சம்பத் தலைமையிலான நிபுணர் குழு, ஐ.ஐ.டி.யின் இந்திரேசனும் அதில் இருந்தார், இயந்திரம் நம்பகமானது, தாமதம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

பெங்களூர் ரங்கராஜனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஸ்ரீரங்கத்துக்காரர். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் முக்கியப் பங்கு அவருடையது. பகலில் காகிதம் வேண்டாத ஒரு பெட்டியைச் செய்தவர், மீதி நேரத்தில் தமிழ் வார இதழ்களுக்கு ரீம் ரீமாகக் காகிதம் செலவழித்தார். தமிழ் வாசகருக்கு அவர் சுஜாதா.

சட்டம் இருந்தது, இயந்திரம் இருந்தது, நிபுணர்களின் ஒப்புதல் இருந்தது. இருந்தும் அந்த ஒன்றரை லட்சமும் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் தூசி தின்றன. அரசியல் கட்சிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த டி.என். சேஷன் அடையாள அட்டைக்காக அரசோடு மல்லுக்கு நின்றார். அந்த ஆறு வருடமும் ஓட்டு என்னவோ காகிதத்தில்தான் விழுந்தது.

அந்தக் காகிதம் தன் எல்லையைத் தொட்டது தமிழ்நாட்டில். 1996 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சி. தங்கள் குறைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். டெபாசிட் வெறும் 250 ரூபாய். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். இத்தனை பெயரையும் ஒரு தாளில் எப்படி அச்சிடுவது? ஓட்டுச்சீட்டு புத்தகமாயிற்று. தேர்தலைத் தள்ளிவைத்துத்தான் நடத்த முடிந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்த ஆண்டே டெபாசிட் 250இலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

மொடக்குறிச்சியைக் காட்டி இயந்திரத்துக்கு வாதாடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கிடங்கில் கிடந்த அந்த இயந்திரம் ஒரு பலகைக்கு 16 பேர், நான்கு பலகையை இணைத்தாலும் 64 பேர் வரைதான் தாங்கும். 1,033 பேருக்குப் புத்தகம் போட்டாவது சமாளித்தது காகிதம்தான்.

கிடங்குக் கதவு திறந்தது 1998 நவம்பரில். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி மூன்றிலுமாக 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் வைத்தார்கள். பெரிய எதிர்ப்பு எழவில்லை. பிறகு வந்தது 2001 மே. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு சட்டமன்றங்களுக்கும் ஒரு தொகுதி விடாமல் இயந்திரம் என்று ஆணையம் அறிவித்தது. பறவூர் பத்தொன்பது வருடம் கழித்துச் சட்டமன்றத் தேர்தலில் மறுபடி பொத்தானை அழுத்தப் போகிறது, இம்முறை ஒரு சாவடி பாக்கியில்லாமல், சட்டத்தின் முழு அனுமதியோடு.

அங்கே சத்தம் இல்லை. சத்தம் வந்தது சென்னையிலிருந்து. இயந்திரம் வேண்டாம், ஓட்டுச்சீட்டே வேண்டும் என்று ஒரு கட்சி சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. ஆட்சியை இழந்து ஐந்து வருடமாக எதிர்க்கட்சியாக இருந்த கட்சி. அதன் தலைவிக்கோ தேர்தலில் நிற்க முடியுமா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. வழக்கின் தலைப்பில் வாதியின் பெயர்: அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம்.

பறவூரில் இயந்திரத்தை எதிர்த்து முதலில் கோர்ட்டுக்குப் போனவர்தான் அந்த இயந்திரத்தில் ஜெயித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள்.

(தொடரும்)